சிங்கத்தைத் தேடாதீர்கள், மானைப் பாருங்கள்

கென்யாவின் மசாய் மாராவுக்கோ தான்சானியாவின் செரங்கெட்டிக்கோ சஃபாரி போகிறீர்களா? உயரமான புல்லுக்குள் படுத்திருக்கும் சிங்கம் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாது. அதனால் அதற்குப் பயப்படும் விலங்குகளைக் கவனியுங்கள்.

முதல் துப்பு ஒட்டகச்சிவிங்கிதான். மேய்ந்துகொண்டிருந்தது திடீரென்று நிறுத்திவிட்டு, கழுத்தை அசைக்காமல் ஒரே பக்கம் வெறித்துப் பார்த்தால், அந்தத் திசையில் பைனாகுலரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இம்பாலா மான்கள் காதை நிமிர்த்தி, மூக்கால் பலமாகச் சீறினாலும் அப்படித்தான். வரிக்குதிரைகள் நிம்மதியாகத் தலைகுனிந்து மேய்கின்றனவா? சரி, வண்டியை நகர்த்தலாம்.

சிறுத்தையைப் பார்க்க ஆசை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு வேறு குரல், பாம்புக்கு இன்னொன்று என்று எழுப்பும். கென்யாவின் அம்போசெலியில் ஆய்வாளர்கள் இந்தக் குரல்களைப் பதிவு செய்து குரங்குகளுக்கே போட்டுக் காட்டி, 1980-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரமேறின. கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன. பாம்புக் குரலுக்குத் தரையைப் பார்த்தன. எத்தனை அருமையான ஏற்பாடு! குரங்குகள் விடாமல் கத்தினால் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் காத்திருங்கள்.

அப்புறம், சிவிங்கிப்புலி (சீட்டா) பெரும்பாலும் பகலில்தான் வேட்டையாடும். வண்டிகள் நெருங்கினால் இரை தப்பிவிடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். ஓட்டுநர் அருகே கொண்டுபோக முன்வந்தாலும், எட்டவே நிறுத்தச் சொல்லுங்கள்.