பெட்டகத்துக் காசில் தழும்பு: அச்சுப்பிழை என்று முடிவு செய்யும் முன்

செட்டிநாட்டு வளவு வீடுகளின் பெட்டகங்களில் காலணாவும் வெள்ளி ரூபாயும், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் மடியில் முடிந்து வந்த சில்லறையும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு கோடோ பள்ளமோ தென்பட்டதும், அரிய அச்சுப்பிழை கிடைத்துவிட்டது என்று நம்பிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஓடுவதுதான் முதல் தவறு. அந்தத் தழும்பு நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்க முடியும் என்று முதலில் கேட்க வேண்டும்.

தகட்டிலிருந்து வெட்டிய உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவதே காசு அடிக்கும் முறை. அச்சில் குழிந்திருப்பது காசில் மேடாக எழும் என்பதால், அச்சு விரிசல் விட்டிருந்தால் காசில் புடைத்த கோடு தெரியுமே ஒழிய, குழிந்த கோடு தெரியாது. குழிந்த கோடுகள் பெரும்பாலும் பிற்காலக் கீறல்களே. வில்லை வெட்டும்போது முந்திய வில்லையை எடுத்த துளையின் மேல் வெட்டு விழுந்திருந்தால் காசின் ஓரம் பிறை வடிவில் குறையும்; அப்போது அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அரத்தால் அராவிய காசில் எதிர் விளிம்பு முழுமையாகவே இருக்கும்.

நம் பகுதியில் இதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. வெள்ளியைச் சோதிப்பதற்காக அக்காலச் சராபுகள் (காசு மாற்றித் தரும் வணிகர்கள்) ரூபாயில் குத்திய சிறு முத்திரைகள் ஒன்று. காசுமாலையில் கோக்கப் பற்றவைத்த வளையத்தை எடுத்த பின் விளிம்பில் தங்கிய பற்றாசுத் தடம் மற்றொன்று. இரண்டுக்கும் வரலாறு உண்டு, ஆனால் அவை அச்சுப்பிழை அல்ல.

எழுத்து இரட்டையாகத் தெரிவதிலும் பலர் ஏமாறுகிறார்கள். அச்சே இரட்டையாகச் செதுக்கப்பட்டிருந்தால் இரண்டு உருவும் உருண்டு, தெளிவாகப் பிரிந்து நிற்கும். படிக்கட்டுபோலத் தட்டையாக ஒதுங்கிய நிழல், அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வருவது. அது மிகச் சாதாரணம், அதற்குத் தனி விலை கிடையாது. இருபுறமும் தலை உள்ள காசு என்றால், இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டிய மூட்டு எங்கேனும் தெரிகிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.

இயல்பான அமைப்பைப் பிழையாக எண்ணுவதும் உண்டு. 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணாவின் நடுத்துளையும், மலாயா சென்ட் காசின் சதுர வடிவும் திட்டமிட்டு அமைத்தவை. வெள்ளி அளவைப் பாதியாகக் குறைத்த 1940களின் ரூபாயில் விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளம், கள்ளக் காசைத் தடுக்கச் செய்த காப்பு. பத்து ரூபாய்க் காசில் ₹ குறி இல்லாததும் பிழையில்லை. அக்குறியே 2010இல்தான் ஏற்கப்பட்டது.

என்னை மிகவும் வருத்துவது, பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோலச் செப்புக் காசையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பதாகும். உண்மையான பிழைக்காசாகவே இருந்தாலும், காலம் ஏற்றிய நிறம் போனபின் அதன் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

வைஷ்ணவ தேவி உருவமுள்ள ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்; பழைய காசு வாங்குவதாகத் தன் பெயரில் கட்டணம் கேட்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. விற்க நினைத்தால் முதலில் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பழைய வெள்ளி ரூபாய் சுமார் 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்துக்கு மேல் எடை வேறுபட்டால் தழும்பை ஆராய்வதற்கு முன் காசே அசல்தானா என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.