பிட்ச்சர் மேடு: முக்கால் யூனிட் மண்ணும் முப்பதாவது பந்தும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் 1959 முதல் ஜூனியர் காலேஜ் உலகத் தொடர் நடந்துவருகிறது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் இரண்டாண்டுக் கல்லூரிகளின் தேசிய பேஸ்பால் போட்டி. 10 அணிகள், இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம். ஒன்பது அணிகள் இரண்டிரண்டு முறை தோற்றாக வேண்டும் என்பதால் மொத்தம் 18 ஆட்டம், சாம்பியனும் ஒன்றில் தோற்றால் 19. அந்தக் கூட்டத்தில் கடைசி வரை நிற்க, ஒரு நல்ல பிட்ச்சர் (பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிபவர்) போதவே போதாது. பாளையங்கோட்டையிலிருந்தோ அபிஷேகப்பட்டியிலிருந்தோ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குக் கிளம்பும் அணிக்கும் இதே கணக்குதான். பேட் வாங்குவதில் காட்டும் அக்கறையை நம் கல்லூரிகள் இரண்டு விஷயங்களில் காட்டுவதில்லை: பிட்ச்சர் நின்று எறியும் மேடு, அவர் எறிந்த பந்துகளின் எண்ணிக்கை.

முதலில் மேடு. தட்டைத் தரையில் பழகிய பையன் போட்டியில் முதல் தடவையாக 10 அங்குல மேட்டில் ஏறினால், முன்கால் அவன் நினைத்ததைவிடத் தாமதமாகத் தரையைத் தொடும். அதற்குள் கை முந்திவிடும், பந்து பேட்ஸ்மேனின் தலைக்கு மேல் போகும். இதைப் பேச்சால் திருத்த முடியாது. மேட்டில் எறிந்துதான் பழக வேண்டும்.

ஆனால் நம் கல்லூரி மைதானம் என்றால் அதிலேயே 400 மீட்டர் ஓட்டப் பாதை, கிரிக்கெட், கால்பந்து எல்லாம் இருக்கும். நடுவில் மண்ணைக் குவிக்க யாரும் விடமாட்டார்கள். ஆகவே காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் பயிற்சி மேடு போடுங்கள். எந்தச் சுவர் என்பது முக்கியம். மேற்குச் சுவரின் உட்பக்கம், வடக்கு தெற்காக எறியும்படி அமைக்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றைச் சுவர் ஓரளவு தடுக்கும், சாயங்காலம் நிழலும் கிடைக்கும். பேஸ்பால் விதிப்புத்தகம், பேட்ஸ்மேன் நிற்கும் இடத்தில் பதித்த ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் பிட்ச்சருக்குப் பின்னால் உள்ள இரண்டாம் பேஸ் கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது. மாலை ஆட்டத்துக்கு அது சரி. காலை 6 மணிக்குப் பயிற்சி வைக்கும் ஊரில் அதே திசை, ஏறும் வெயிலைப் பேட்ஸ்மேனின் கண்ணில் அடிக்கும். வடக்கு தெற்கு என்றால் இரண்டு நேரமும் தொல்லை இல்லை.

அளவுகள்: ஹோம் பிளேட்டின் பின்கூர்முனையிலிருந்து பிட்ச்சர் பின்காலை ஊன்றும் ரப்பர் பட்டையின் முன்விளிம்பு வரை 60 அடி 6 அங்குலம். பட்டை 24 அங்குல நீளம், 6 அங்குல அகலம். அதன் மேல்பரப்பு ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம் உயரம். இந்த 10 அங்குலத்தைக் கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். மைதானமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கொத்தனாரின் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, பிளேட் பக்கம் ஒரு முனை, மேட்டுப் பக்கம் முளைக்குச்சியில் ஒரு முனை பிடித்துக் குறியுங்கள். 60 அடிக்கு ரசமட்டம் உதவாது.

பட்டையைச் சுற்றி மேலே சமதளம் 34 அங்குலம்: முன்னால் 6, பட்டை 6, பின்னால் 22. முன்னால் அந்த 6 அங்குலம் தாண்டியதும் சரிவு தொடங்கும், அடிக்கு ஓர் அங்குலம். 10 அடி தள்ளி அது தரையோடு சேர்ந்துவிடும். நடு மைதானத்து முழு மேடு 18 அடி விட்டமுள்ள வட்டம். பயிற்சி மேட்டுக்கு 8 அடி அகலமே போதும். அதற்கு மண், இறுகிய பின் 60 கன அடிக்குச் சற்றுக் கூட வரும். திமிசு போட்டால் மண் அமுங்கும் என்பதால் உதிரியாக 80 கன அடி இறக்குங்கள், அதாவது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). லாரிக்காரர் ஒரு யூனிட்டுக்குக் குறைந்து வரமாட்டார். மிச்சம் பின்னால் பள்ளம் நிரப்ப ஆகும்.

என்ன மண்? கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வேண்டாம்: ஈரத்தில் ஊதும், காய்ந்தால் விரல் நுழையும் அளவு வெடிக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணும் வேண்டாம், அதில் பிடிப்பே கிடையாது. மேட்டின் உடலுக்கு, உருட்டினால் உருண்டை நிற்கிற செம்மண் நல்லது. காலூன்றும் இரண்டு இடங்களுக்கு மட்டும் களிமண் வேண்டும். காருகுறிச்சியில் பானை வனைய எடுப்பது போன்ற குளத்துக் களி அருமையானது; ஆனால் குளத்தில் அனுமதியின்றி மண் எடுத்தால் டிராக்டரோடு மாட்டிக்கொள்வீர்கள். சுலபமான வழி, சூளையில் வேகாத பச்சைச் செங்கல். அமெரிக்க மைதானங்களிலும் சுடாத களிக்கட்டிகளைத்தான் பதிக்கிறார்கள். வாங்கும்முன் ஒன்றை உடைத்து நனைத்து, பென்சில் பருமனுக்குத் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். விரிசல் விட்டால் மணல் அதிகம், வேறு சூளை பாருங்கள்.

மண்ணை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட வேண்டும். திமிசில் மண் ஒட்டினால் ஈரம் கூடுதல், அரை மணி நேரம் விடுங்கள். புழுதி பறந்தால் குறைவு. அவசரப்பட்டு நாலு அங்குலம் கொட்டி இடித்தால் மேல்தோல் மட்டும் இறுகி, ஒரு வாரத்தில் ஏடு ஏடாகப் பெயரும். ரப்பர் பட்டையை 4 அங்குலக் கனமுள்ள மரக்கட்டையில் ஆணியடித்துப் புதையுங்கள். வெறும் ஆணியில் நிறுத்தினால் பின்கால் உதைப்பில் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், கணுக்கால் பிசகும்.

முன்கால் இறங்கும் இடம்: பட்டைக்கு 3 அடி முன்னாலிருந்து 7 அடி வரை, 3 அடி அகலம். அங்கே 3 அங்குலம் தோண்டிச் செங்கல்லை நெருக்கிப் படுக்கவைத்தால் 9 அங்குலக் கல் 43 பிடிக்கும். பட்டையை ஒட்டி முன்னால் 2 அடிக்கு ஒன்றரை அடி, அதற்கு 11. உடைசலோடு 60 வாங்குங்கள். ஒரு ராத்திரி ஈரச்சாக்கு போட்டு மூடி, மறுநாள் இடித்தால் ஒரே பாளமாகிவிடும்.

தினமும் எறிந்து முடித்ததும் குழியில் உள்ள உதிரி மண்ணைப் பெருக்கி எடுத்து, குழியை நனைத்து, பிறகு ஈரக்களி வைத்து இடிக்க வேண்டும். காய்ந்த மண்ணைக் காலால் தள்ளி மூடுவதுதான் எல்லோரும் செய்வது, அது மறுநாள் முதல் பந்திலேயே வெளியே வரும். மூடிவைக்கத் தார்ப்பாய் தேவையில்லை. கல்யாணம், கொடை முடிந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனர் நம்மூரில் கிடைக்காத தெரு உண்டா? ஓரங்களில் பழைய டயர் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் விட்ட மேடு அடுத்த மாதம் இருக்காது.

இனி எண்ணிக்கை. அமெரிக்காவில் தொழில்முறை லீக்கான எம்.எல்.பி.யும் தேசிய அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ அட்டவணையில் 19 முதல் 22 வயதுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 120 பந்து. 30 வரை எறிந்தால் மறுநாளே எறியலாம். 31 முதல் 45 வரை ஒரு நாள் ஓய்வு, 46 முதல் 60 வரை இரண்டு நாள், 61 முதல் 80 வரை மூன்று, 81 முதல் 105 வரை நான்கு, அதற்கு மேல் ஐந்து நாள். நம் போட்டி விதியில் இது இருக்கிறதோ இல்லையோ, தோள்பட்டைக்கு விதி ஒன்றுதான்.

அடுத்தடுத்த நாள் நாக்-அவுட் ஆடும்போது இந்த எல்லைகள்தான் பயிற்சியாளரின் ஆயுதம். ஒரு பேட்ஸ்மேனுக்குச் சராசரி நாலு பந்து என்று வையுங்கள். 27 பந்து முடிந்து புதிய பேட்ஸ்மேன் வருகிறான் என்றால் அங்கேயே மாற்றுங்கள். 31-வது பந்து நாளைய நாளைத் தின்றுவிடும். 45-லும் 60-லும் இதே கணக்கு. எளிதாக ஜெயிக்கும் முதல் ஆட்டத்தில் முதன்மைப் பிட்ச்சரை 90 பந்து எறியவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. இறுதி ஆட்டத்தன்று அவர் பெஞ்சில் ஐஸ் கட்டிக்கொண்டிருப்பார். குறைந்தது நான்கு பேர் வேண்டும். கிரிக்கெட்டில் கவர் திசையிலிருந்து நேராக ஸ்டம்பில் அடிப்பவரையும் ஈட்டி எறிபவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது. பேஸ்பால் 142 முதல் 149. அந்த வித்தியாசம் பழக இரண்டு வாரம் ஆகும், அதுவரை முழு வேகம் வேண்டாம்.

எண்ணுவதற்கு ஒருவரை உட்கார வையுங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. நெல்லையப்பர் கோயில் வாசல் மாதிரியான கடைகளில் கிடைக்கும் விரல் ஜெபக் கவுண்ட்டர் கச்சிதமாக உதவும். பேட்ஸ்மேன் தொடாமல் விட்ட பந்து, பேட்டில் பட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போன ஃபவுல் பந்து எல்லாமே கணக்கில் சேரும். வார்ம்-அப் பந்து அட்டவணையில் சேராது, ஆனாலும் தனியே குறித்துவையுங்கள். எறிந்து இறங்கியவரை அன்றே கேட்சராக (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்து பிடிப்பவராக) உட்கார வைக்காதீர்கள்; கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார்.

வடக்கே போட்டி என்றால் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறி இரண்டு நாளுக்கு மேல் ரயில். இறங்கிய அன்று மேட்டில் ஏற்றாமல் 20 நிமிடம் லேசாக எறிந்து கையை அவிழ்த்தால் போதும். மறுநாள் போட்டி மைதானத்து மேட்டில் ஒவ்வொரு பிட்ச்சரும் 15 பந்தாவது எறிந்து, முன்கால் இறங்கும் இடத்தை மிதித்துப் பார்க்கட்டும். குழி இருந்தால் நடுவரிடம் ஆட்டத்துக்கு முன்பே சொல்லி நிரப்பச் சொல்லுங்கள்.