குழந்தைக்கு ஜிபிஎஸ் (கில்லன் பாரே சிண்ட்ரோம்) வந்தா எப்படி சமாளிக்கிறது
சளியோ வயித்துப்போக்கோ வந்து ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சு, பிள்ளை கால் வலிக்குதுன்னு அழுதுட்டு, தரையில உக்காந்தா கையை ஊனாம எந்திரிக்க முடியாம திணறுதுன்னா சோம்பேறின்னு திட்டாதீங்க, உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்புகளை தாக்குற கில்லன் பாரே சிண்ட்ரோமா இருக்கலாம், அன்னைக்கே ஐசியு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க. பலவீனம் கால்ல ஆரம்பிச்சு மேல ஏறி மூச்சையே பிடிக்கலாம். ஆஸ்பத்திரில இருக்கும்போது மூச்சு குறையுதான்னு பாக்க ஒரே மூச்சுல எண்ண சொல்லுங்க, காலைல 20 வரைக்கும் எண்ணுன பிள்ளை சாயந்திரம் 10லயே நின்னா உடனே நர்ஸை கூப்பிடுங்க. பொதுவா ஐவிஐஜி (ரத்தக்குழாய் வழியா ஏத்துற நோய் எதிர்ப்பு புரதம்) ஏத்துவாங்க, கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், 2ல இருந்து 5 நாள்ல. ஸ்டீராய்டு இதுக்கு வேலைக்கு ஆகாது.

அப்புறம் பிசியோ, பாதம் தொங்கிடாம ஸ்ப்ளிண்ட் (காலை தாங்கி பிடிக்கிற கட்டு). மாசக்கணக்குல ஆகும், ஆனா பெரும்பாலான பிள்ளைங்க திரும்ப நடந்துடுவாங்க.