தராசுத் தட்டில் ஒரு கதை: வி.ஆர். புதிர் விளையாட்டை எங்கிருந்து தொடங்குவது?

வி.ஆர்., அதாவது ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளே போகிற மெய்நிகர் உலகத்தில், புதிர் விளையாட்டு செய்ய வருகிற பலர் கதையைத் தனியாக எழுதி, புதிர்களைத் தனியாகச் செய்து, கடைசியில் இரண்டையும் ஒட்டப் பார்க்கிறார்கள். ஒட்டாது. புதிருக்குக் கிடைக்கிற விடையே கதையின் அடுத்த சம்பவமாக இருக்க வேண்டும், அதனால் அந்த விடையை முதலில் முடிவு செய்யுங்கள்.

நான் செய்துகொண்டிருப்பதையே சொல்கிறேன். கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை, அதன் பின்பக்கம் சின்னப் பட்டறை. மேசையில் தராசு, 8 கிராம் படிக்கற்கள் பதினொன்று, ஒரு தாலிக்கொடி, பழைய கணக்குக் கொப்பி. கொப்பியில் ‘கொடி 11 பவுண்’ என்று எழுதியிருக்கிறது. ஒரு பவுண் 8 கிராம் என்று தெரிந்தவர்கள் உடனே மேசை லாச்சியின் (இழுப்பறையின்) எண் பூட்டில் 88 போட்டுப் பார்ப்பார்கள், திறக்காது. அப்புறம்தான் கொடியை ஒரு தட்டில் வைத்து, மற்றத் தட்டில் படிக்கற்களை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். பத்தாவது கல்லிலேயே முள் நேராக நின்றுவிடும், பதினோராவது கல் கையில் மிஞ்சும். 80 போட்டால் லாச்சி திறக்கிறது. ஒரு பவுண் எங்கே போனது என்ற கேள்வியும் அங்கேயே பிறந்துவிடுகிறது, ஒருவரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

கையில் ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் பின்னணிக் குரலில் கதை சொல்லாதீர்கள், காதில் ஏறாது. ஒரு இடத்தைப் பார்க்க வைக்க வேண்டுமென்றால் அங்கிருந்து சத்தம் வரட்டும். என் பட்டறையில் இடது பக்கம் பின்னாலிருந்து கதிரேசன் கோயில் மணி கேட்கும், திரும்பினால் அலுமாரி. கேமராவை நீங்களாகத் திருப்பவே கூடாது, உடம்பு அசையாமல் கண்முன் காட்சி மட்டும் அசைந்தால் தலைசுற்றும்.

இடமும் முக்கியம். வெள்ளவத்தை பிளாட் ஹாலில் கதிரைகளை ஒதுக்கினாலும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கிடைப்பதே பெரிய காரியம், ஆகவே கதிரையில் இருந்தபடியே எல்லாம் எட்ட வேண்டும். 2020இல் வந்த ‘தி ரூம் வி.ஆர்.’ விளையாட்டில் நடக்கவே விடமாட்டார்கள், குறித்து வைத்த இடங்களுக்கு மட்டும் தாவலாம். அதைப் பார்த்துத்தான் நானும் பட்டறையில் மூன்றே இடங்கள் வைத்தேன். காட்சி மாறும் வேகம் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் நொடிக்கு 72 பிரேமுக்கு (படத்துக்கு)க் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து ஒரு தனித் தலையிடி. விளையாட்டு செய்யும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் தமிழை அப்படியே போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், சின்ன எழுத்தாக இருந்தால் புள்ளியும் தெரியாது. நான் கணக்குக் கொப்பியின் பக்கத்தைக் கையாலேயே பெரிதாக எழுதி, ஸ்கேன் செய்து, படமாக ஒட்டிவிட்டேன், பழைய கொப்பிக்கு அதுதான் பொருத்தமாகவும் இருக்கிறது.

கணினி நிரல் எழுதுவதற்கு முன்பே உண்மையான மேசையில் பொருட்களைப் பரப்பி யாரையாவது விளையாட வையுங்கள். பிறகு ஹெட்செட்டிலும் அதையே செய்யுங்கள், இதுவரை அதைத் தொட்டே பார்க்காத ஒருவரை வைத்து. வாய் திறக்காமல், கை முதலில் எங்கே போகிறது என்று மட்டும் குறியுங்கள். என் சித்தி தராசைக் கவனிக்கவே இல்லை, கொடியை எடுத்து நேரே கழுத்தருகே கொண்டுபோனார். அதற்கு நான் ஒன்றுமே செய்து வைத்திருக்கவில்லை. அன்றிரவே உட்கார்ந்து, கழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கொடியின் சுரை பூட்டுகிற மெல்லிய சத்தத்தைச் சேர்த்தேன்.