வறண்ட நாட்டின் நாட்டு இனங்கள்: அளப்பதிலும் காப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிணற்றடிக்கு மந்தை வந்து சேரும் நேரம். இரண்டு நாளாகத் தண்ணீர் காணாத கறுப்பு வெள்ளாடுகள். அளவெடுக்க வந்த குழு தராசை இறக்கி வைப்பதற்குள் பாதி ஆடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டன. அப்படியே எடை போட்டால் அன்றைய குறிப்பேடு வீண்தான். எகிப்தின் சினாய், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனங்களில் பெதோயின் என்ற அரபு மேய்ப்பர்கள் வளர்க்கும் கறுப்பு வெள்ளாடு, தாகத்தோடு வந்தால் சில நிமிடங்களில் தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குடித்துவிடும். வரும்போது 18 கிலோ இருந்த ஆடு, தொட்டியை விட்டுத் தலை நிமிரும்போது 24 கிலோ காட்டும். விவரம் தெரியாமல் எழுதினால், ஒரே ஆட்டின் இரண்டு நிலைகள் ‘இனத்துக்குள் எடை வேறுபாடு’ என்று பதிவாகிவிடும்.

எடை தவறிப்போனது சின்னச் சேதம். பதிவு செய்ய வேண்டிய முக்கியமான செய்தியே அந்தத் தொட்டியில்தான் இருந்தது. அவ்வளவு தண்ணீர் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். இந்த ஆட்டின் முதல் வயிறு தண்ணீரைத் தேக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பாலைவனத்தில் அது பிழைத்துக் கிடப்பதன் ரகசியமே இதுதான். பெரும்பாலான அளவீட்டுப் படிவங்களிலோ கொம்பின் நீளத்துக்கு ஒரு கட்டம் உண்டு, காதின் நீளத்துக்கு ஒரு கட்டம் உண்டு, தண்ணீருக்கு ஒரு கட்டம்கூட இருக்காது. எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர், ஒரு வேளைக்கு எவ்வளவு, மேய்ச்சலுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறது என்ற மூன்றையும் எழுதாத பதிவு வறண்ட நாட்டு இனத்தின் பதிவே ஆகாது.

பண்ணையில் வைத்து ஒப்பிடுவது

அடிக்கடி நடப்பதும், அதிகக் கேடு செய்வதும் இந்தத் தவறுதான். நாட்டு இனத்தையும் வெளிநாட்டு இனத்தையும் ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கொண்டுவந்து, வேளைக்குத் தீவனமும் நிழலும் குழாய்த் தண்ணீரும் கொடுத்து, ஆறு மாதத்தில் எது அதிகம் பெருத்தது என்று பார்ப்பார்கள். வெளிநாட்டு இனம் ஜெயிக்கும். ஜெயிக்காமல் என்ன செய்யும்? அதற்குப் பழக்கமான சூழலை அல்லவா அமைத்துக் கொடுத்திருக்கிறோம்! நாட்டு இனம் தன் திறமையைக் காட்டுவது புல் காய்ந்த எட்டாவது மாதத்தில். அதைக் காட்டப் பண்ணையில் வாய்ப்பே கிடையாது.

கென்யாவின் சிவப்பு மாசாய் செம்மறிக்கு நடந்தது இதன் விளைவுதான். 1970களின் நடுப்பகுதி வரை அந்நாட்டு மேய்ச்சல் நிலமெங்கும் இந்த ஆடு நிறைந்திருந்தது. வயிற்றில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் புழுவை இயல்பாகவே தாங்கக்கூடியது. அப்போதுதான் தென்னாப்பிரிக்காவில் உருவான டோர்ப்பர் இனக் கிடாக்களை மானியத்தோடு பரப்பும் திட்டம் வந்தது. டோர்ப்பர் உடல் பெரியது, நல்ல பருவத்தில் நல்ல விலை போகும். ஆனால் இனக்கலப்பை எந்தத் தலைமுறையோடு நிறுத்துவது, தூய மந்தையை எங்கே வைத்திருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக டோர்ப்பர் கிடாவையே விட்டுக்கொண்டிருந்தார்கள். பல இடங்களில் அந்த ஆடு நிலத்துக்கு ஒத்துவரவில்லை என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. 1992இல் ஆய்வாளர்கள் கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் தேடி அலைந்தபோது தூய சிவப்பு மாசாய் மிகச் சில மட்டுமே கிடைத்தன. கலப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கலப்புக்குத் திட்டம் தீட்டும் அன்றைக்கே தூய மந்தைக்கும் இடமும் காசும் ஒதுக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அப்புறம் பார்க்க ஆடு இருக்காது.

பெயரை வைத்து இனம் பிரிப்பது

மேய்ப்பர் ஒரு பெயர் சொன்னதும் அதை இனத்தின் பெயராக எழுதிக்கொள்கிறோம். அரேபியாவில் ஒட்டகங்களுக்கு வழங்கும் மஜாஹீம், வத்தா போன்ற பெயர்கள் நிறத்தைக் குறிப்பவை: முன்னது கறுப்பு, பின்னது வெள்ளை. சில ஊர்களில் பெயர் குலத்தைக் குறிக்கும், சில ஊர்களில் சந்தையைக் குறிக்கும். ஒரே இனத்துக்கு மூன்று பெயர் இருக்கலாம், ஒரே பெயரில் மூன்று இனம் ஒளிந்திருக்கலாம். ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் மரபணு வரலாற்றைப் பற்றி 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவைத் தவிர மற்ற பகுதி ஒட்டகங்கள் ஒன்றோடொன்று பெரிதும் கலந்திருப்பதைக் காட்டியது. நூற்றாண்டுக் கணக்காக வணிகக் கூட்டங்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு திரிந்ததன் பலன் அது. அதனால் பெயரையும் எழுதுங்கள், அது யார் வைத்த பெயர், எதைப் பார்த்து வைத்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஜீப் போகிற பாதையோரத்து மந்தை, பெரிய தனக்காரரின் மந்தை, ஒரே கிடாவுக்குப் பிறந்த குட்டிகள். இவற்றில் மட்டும் ரத்தம் எடுத்தால் ஒரு குடும்பத்தின் மரபணுதான் கையில் இருக்கும், இனத்தின் மரபணு இருக்காது. உறவில்லாத ஆடுகளைத் தேடி, தொலைவிலுள்ள மந்தைகளுக்கும் போகத்தான் வேண்டும். பல்லைப் பார்த்து வயது சொல்லும்போதும் கவனம் வேண்டும். மணலோடு சேர்த்து மேய்கிற ஆட்டுக்குப் பல் சீக்கிரம் தேயும், பார்வைக்குக் கிழடாகத் தெரியும்.

பால் கணக்கில் இன்னொரு தவறு. ஒட்டகம் வளர்ப்பவர்கள் பல இடங்களில் இரண்டு காம்பைக் கறந்துகொண்டு, இரண்டைக் கன்றுக்கு விடுவார்கள். பாத்திரத்தில் விழுந்ததை மட்டும் அளந்து ‘பால் குறைவு’ என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. வீட்டில் யார் கறக்கிறாரோ அவரிடம் கேட்க வேண்டும். பல சமூகங்களில் ஆட்டுப்பால் கறப்பது பெண்கள். வாசலில் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பும் குழுவுக்கு, எந்த ஆடு காய்ந்த பருவத்திலும் பால் வற்றாமல் நிற்கும் என்ற செய்தி கிடைக்காமலே போகும்.

கிடாக்களை எண்ண மறப்பது

‘இருநூறு பெட்டை ஆடு காப்பாற்றி வைத்திருக்கிறோம்’ என்று சொன்னால் கேட்க நிம்மதியாக இருக்கும். கிடா எத்தனை என்று கேளுங்கள். இரண்டு என்றால் நிலைமை மோசம். மரபணு நோக்கில் ஒரு மந்தையின் உண்மையான அளவைக் கணக்கிட எளிய வழி உண்டு. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 200 பெட்டைக்கு 2 கிடா என்றால் விடை ஏறக்குறைய 8. கிடாவை 20 ஆக்கினால் 73. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு இந்த எண் 50க்குக் கீழே போகக்கூடாது என்கிறது. 50 என்றால் தலைமுறைக்கு 1 சதவீதம் உறவுச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வது, கூடும். 8 என்றால் 6 சதவீதத்துக்கு மேல் போய்விடும். குட்டிகள் நோஞ்சானாகப் பிறப்பதும் சினை நிற்காமல் போவதும் அப்புறம் தானாகத் தொடரும். பணம் குறைவாக இருந்தால் பெட்டைகளைக் குறைத்துக்கொண்டாவது வெவ்வேறு வழியில் பிறந்த கிடாக்களை வாங்குங்கள்.

இதே அமைப்பு 2015இல் வெளியிட்ட உலக அறிக்கைப்படி, 58 சதவீத இனங்களுக்கு அவை ஆபத்தில் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியாது, எண்ணிக்கை விவரம் இல்லை. விவரம் இல்லாத இனத்தை ஆபத்து இல்லாத இனமாகக் கருதி வரிசையில் பின்னே தள்ளுவது பரவலாக நடக்கிறது. கணக்கெடுப்பில் ‘செம்மறி, வெள்ளாடு, ஒட்டகம்’ என்பதோடு நிறுத்தாமல் இனத்துக்கும் ஒரு கேள்வி சேர்த்தாலே பாதிக் குறை தீரும்.

உறைவிந்து இருக்கிறதே என்ற தைரியம்

உறைவிந்து வங்கி அவசியம். அது மட்டும் போதும் என்பதுதான் தவறு. பெட்டை இனமே அழிந்துபோய், வேறு இனப் பெட்டைகளுக்கு அந்த விந்தைச் செலுத்தினால் முதல் தலைமுறையில் பாதிதான் பழைய ரத்தம். ஐந்து தலைமுறை திரும்பத் திரும்பச் செலுத்திய பிறகும் சுமார் 97 சதவீதம்தான் வரும். ஆட்டுக்கு அது பத்து வருட வேலை. ஒட்டகம் ஒரு கன்று போட 13 மாதம் சினை சுமக்கும், முதல் கன்று ஈனவே ஐந்து வயதாகும். கால் நூற்றாண்டு ஓடிவிடும். ஒட்டக விந்து பிசுபிசுப்பானது, உறையவைப்பதும் கடினம். உறைந்த விந்தைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் காக்க வேண்டும். வெயில் கொளுத்தும் நாட்டில், நைட்ரஜன் லாரி வராத ஒரு மாதம் போதும், எல்லாம் போய்விடும். இரண்டு ஊர்களில் பிரித்து வையுங்கள், கருமுட்டை, கரு, தோல் திசு எதுவானாலும் பெண் வழியிலும் சேமியுங்கள்.

வறட்சிக்குப் பிறகு வரும் ஆபத்து

வறட்சியில் ஆடு சாவது எல்லோருக்கும் தெரியும். இனம் சாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மந்தை இழந்தவர்களுக்கு நிவாரணமாக ஆடு கொடுப்பார்கள். அவசரத்தில் எங்கே மொத்தமாகக் கிடைக்கிறதோ அங்கிருந்து லாரியில் வரும். நல்லெண்ணம்தான், ஆனால் வறட்சியைத் தாண்டி வந்த நாட்டு ஆடுகளோடு அந்தப் புதிய கிடாக்களைக் கலந்துவிட்டால், இயற்கையே தேர்ந்தெடுத்துத் தந்த உயிர்பிழைத்த ஆடுகளின் குணம் கரைந்துபோகும். இதற்கான பட்டியல் நல்ல மழை பெய்த வருடத்திலேயே தயாராக இருக்க வேண்டும்: எந்த மேய்ப்பரிடம் எந்த வழிக் கிடா இருக்கிறது, எத்தனை பெட்டைக்குட்டி விற்கத் தயாராக இருக்கிறார், பஞ்சத்தில் அவர் கிடாவை விற்காமல் வைத்திருக்கத் தீவனச் செலவுக்கு எவ்வளவு வேண்டும். அந்தப் பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. மந்தை தண்ணீருக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, முந்தின இரவே கிணற்றடிக்குப் போய்த் தராசை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.