ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: ஒப்பித்தால் தெரிந்துவிடும்

என் சித்தி மகள் நர்ஸ். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு வழியாகப் போனால், அதில் பேசிக் காட்டும் பகுதியான ஸ்பீக்கிங்கில் 7 பேண்ட், அதாவது 9க்கு 7 மதிப்பெண், வேண்டும். பயிற்சிக்காக ஒருநாள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "டூ யூ லைக் குக்கிங்?" என்று கேட்டேன். மூச்சு விடாமல் வந்தது பதில்: "வெல், டு பி ஆனஸ்ட், குக்கிங் ப்ளேஸ் எ வைட்டல் ரோல் இன் அவர் டே டு டே லைஃப். மோர்ஓவர், இட் இஸ் எ கிரேட் ஸ்ட்ரெஸ் பஸ்டர்..."

"சரி, உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா?"

"அடுப்படிப் பக்கமே போக மாட்டேண்ணா."

"அதையே இங்கிலீஷ்ல சொல்லு."

சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "நோ, நாட் ரியலி. மை மதர் டஸ் ஆல் தி குக்கிங். ஐ ஜஸ்ட் கட் தி ஆனியன்ஸ், அண்ட் ஷி ஸ்டில் சேஸ் தே ஆர் டூ பிக்."

முதல் பதில் கோச்சிங் சென்டர் நோட்டில் இருந்து வந்தது. அதைக் கேட்டவருக்கு அவளுக்குச் சமையல் பிடிக்குமா என்பதே தெரியாது. வெங்காயப் பதிலுக்கு மேலே இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றும். பேச்சு என்றால் அப்படித்தான் நகர வேண்டும்.

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் 4, 5 நிமிடம் வீடு, ஊர், வேலை, படிப்பு, பொழுதுபோக்கு பற்றிக் கேட்பார்கள். இரண்டாவதில் கையில் ஒரு கார்டு கொடுத்து, 1 நிமிடம் யோசிக்க விட்டு, 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மூன்றாவதில் அதே தலைப்பை ஒட்டிக் கொஞ்சம் ஆழமான உரையாடல். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல். நான்குக்கும் சம பங்கு. உங்கள் கருத்து சரியா, சொன்னது உண்மையா என்பதற்கு இதில் இடமே இல்லை. இது தெரியாமல்தான் பாதிப்பேர் "சரியான விடை" தேடி மனப்பாடம் செய்கிறார்கள்.

மனப்பாடம் செய்ததைக் கண்டுபிடிக்க எக்ஸாமினருக்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. வேகம் திடீரென்று கூடும், குரல் ஒரே மட்டத்தில் ஓடும், கண் எங்கோ சுவரில் நிற்கும். அதே ஆள் அடுத்த கேள்விக்குத் திக்குவார். இடையில் நிறுத்தி வேறு கேள்விக்குப் போகும் உரிமை எக்ஸாமினருக்கு உண்டு. வெளியிடப்பட்டுள்ள பேண்ட் விளக்கங்களில் மனப்பாடத் தொடர்கள் பற்றிய பேச்சு வருவது 2, 3 போன்ற அடிமட்டப் பேண்டுகளில்தான்.

நமக்கு இது புரியாத விஷயமா என்ன? எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவே இருக்கும் தூரம் நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? டீக்கடையில் போய் "ஐயா, எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் வழங்க இயலுமா? மேலும், அதில் சர்க்கரை குறைவாக இருத்தல் நலம்" என்று யாராவது கேட்டால் கடைக்காரர் என்ன நினைப்பார்? ஒரு பிழையும் இல்லாத தமிழ்தான். ஆனால் பேசுகிற தமிழ் இல்லை. மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் எ நட்ஷெல், ப்ளெத்தோரா எல்லாம் ஸ்பீக்கிங் அறையில் அந்த "மேலும்" மாதிரிதான் ஒலிக்கும். நாம் இங்கிலீஷைப் பெரும்பாலும் பாடப் புத்தகத்தில் கற்றதால் அதன் எழுத்து நடை மட்டும் கையில் இருக்கிறது. பேச்சுக்கு அண்ட், பட், ஸோ, பிகாஸ், ஆல்ஸோ போதும். மழை என்றாலே பூனையும் நாயும் விழவைக்கிற மரபுத்தொடர்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அவை தானாக வந்தால் அழகு. திணித்தால் தனியாகத் தெரியும்.

பள்ளிக்கூடம் கொடுத்த இன்னொரு பழக்கம், "முழு வாக்கியத்தில் பதில் சொல்". "வாட் இஸ் யுவர் ஹோம்டவுன் ஃபேமஸ் ஃபார்?" என்றால் உடனே "மை ஹோம்டவுன் இஸ் ஃபேமஸ் ஃபார்..." என்று கேள்வியையே திருப்பிப் போடுவோம். ஒருமுறை செய்தால் ஒன்றுமில்லை. பத்துக் கேள்விக்கும் செய்தால் இயந்திரம் பேசுவது போல இருக்கும். "ஃபயர்வொர்க்ஸ், மோஸ்ட்லி" என்று ஆரம்பிக்கலாமே. சிவகாசிக்காரர் ஒருவர் இதற்கு "ஹிஸ்டாரிக்கல் மான்யுமெண்ட்ஸ் அண்ட் ரிச் கல்ச்சர்" என்று பொதுவாகச் சொல்லி முடித்ததைக் கேட்டிருக்கிறேன். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம், காலண்டர் என்று அந்த ஊரில் என்னவெல்லாம் கொட்டிக் கிடக்கிறது! தீபாவளிக்கு முன்னால் ஊர் எப்படி இருக்கும் என்று இரண்டு வாக்கியம் சொன்னாலே சொல்வளம் தானாகத் தெரிந்துவிடும். முதல் பகுதியில் ஒரு கேள்விக்கு இரண்டு, மூன்று வாக்கியம் சரியான அளவு. வெறும் "யெஸ்" மட்டும் போதாது, ஒரு நிமிடப் பிரசங்கமும் வேண்டாம்.

கார்டுக்கு வருவோம். பென்சிலும் தாளும் தருவார்கள். அந்த 1 நிமிடத்தில் முழு வாக்கியம் எழுத ஆரம்பிப்பவர்கள் இரண்டாவது வரியிலேயே நேரத்தை இழப்பார்கள். ஐந்தாறு சொற்களைக் கிறுக்கிக்கொண்டால் போதும். கார்டில் இருக்கும் குறிப்புகளை ஒவ்வொன்றாக டிக் அடிப்பது போலப் பேசினால் 40 வினாடியில் சரக்கு தீர்ந்துவிடும். பிறகு "தட்ஸ் ஆல்" என்று சொல்லிவிட்டு முழிக்க வேண்டியதுதான். ஏதாவது ஒரு சம்பவத்தில் கொஞ்சம் தங்கிப் பேசுங்கள். என்ன நடந்துகொண்டிருந்தது, அதற்கு முன் என்ன நடந்திருந்தது, அன்று வேறு மாதிரி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை போகும்போது கடந்த காலத்தின் பல வடிவங்களும் தன்னால் வந்துவிடும். இலக்கணத்துக்கென்று தனியாக வித்தை காட்ட வேண்டியதில்லை. 2 நிமிடம் ஆனதும் நிறுத்தச் சொல்வார்கள். அது நல்ல அறிகுறியே தவிர தப்பு எதுவும் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை.

நபரைப் பற்றிய கார்டு எது வந்தாலும் அப்துல் கலாமைக் கூப்பிடும் வழக்கமும் இருக்கிறது. பெரியவர் மேல் குற்றமில்லை. ஆனால் அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பாடத்தில் படித்தது, அதனால் குரலும் பாடக் குரலாகிவிடுகிறது. தெருமுனைத் தையல்காரர் சொன்ன தேதிக்கு ஒருநாளும் துணி தராததைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கையே தானாக ஆடும்.

மூன்றாவது பகுதியில் "ஏன் இளைஞர்கள் நகரத்துக்குப் போகிறார்கள்?" போன்ற கேள்விகள் வரும். ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி என்று கட்டுரை எழுத ஆரம்பிக்க வேண்டாம். யோசிக்காத விஷயமாக இருந்தால் "ஐ ஹேவண்ட் ரியலி தாட் அபௌட் தட், பட் ஐ சப்போஸ்..." என்று தொடங்கலாம். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு வேறு எதையோ பேசினால் கோர்வை போய்விடும். யோசிக்க நிறுத்துவதும் குற்றமில்லை. 9 பேண்ட் விளக்கத்திலேயே, அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்துக்காகத் தயங்கலாம் என்றுதான் இருக்கிறது. சொல்லையும் இலக்கணத்தையும் தேடித் தயங்கக்கூடாது, அவ்வளவே. தமிழில் "அது வந்து..." என்று இழுக்கிறோமே, அந்த இடத்துக்கு "வெல்", "லெட் மீ திங்க்" இருக்கிறது. எல்லாப் பதிலுக்கும் "டு பி ஆனஸ்ட்" போட்டால் மட்டும், மற்ற நேரத்தில் பொய் சொல்கிறாரோ என்று தோன்றும்.

தமிழ் வாடை அடிக்கும் இங்கிலீஷ் பற்றியும் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கேட்பார்கள். "நேத்துதான் வந்தேன்" என்பது "யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" ஆவதும், "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" போன்றவையும் நம்மூர் நிரந்தர விருந்தாளிகள். தேர்வுக்கு முன் இவற்றில் நான்கைந்தைப் பிடித்துத் திருத்திக்கொள்ளலாம். தேர்வு அறையில் வாய் தவறினால் ஒருமுறை திருத்திவிட்டு நகருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் பின்னால் போய்த் திருத்திக்கொண்டிருந்தால் சரளத்தில் அடி விழும்.

உச்சரிப்பில் அமெரிக்கக் குரல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு நிமிடத்தில் அது கழன்று விழும். தமிழ்ச் சாயல் இருக்கலாம். கேட்பவர் சிரமப்படாமல் புரிந்துகொண்டால் போதும். நாம் உண்மையில் சறுக்கும் இடம் வேறு. "எங்கே"யை "யெங்கே" என்றும் "ஒண்ணு"வை "வொண்ணு" என்றும் சொல்லிப் பழகிய வாய், எவ்ரியை யெவ்ரி ஆக்கும், ஒன்லியை வோன்லி ஆக்கும். பேக், குட் எல்லாம் கடைசியில் ஒரு உகரம் ஒட்டி பேக்கு, குட்டு ஆகும். இந்த இரண்டை மட்டும் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

போனில் ஒரு கேள்விக்குப் பதிலைப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் போனால்தான் எந்த வரியில் நோட்டுப் புத்தகம் பேசுகிறது என்று காதுக்குப் பிடிபடும். ஒரே கேள்விக்கு மூன்று நாள் மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை அப்படியே திரும்பி வந்தால் மாற்றிவிடுங்கள்.

முடிந்து எழும்போது "சார், எப்படிப் பண்ணினேன்?" என்று கேட்காதீர்கள். அவர்களால் சொல்ல முடியாது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.