ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்களுக்கு ஏற்ற உளவியல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முறை

உளவியல் சிகிச்சையை நாடும் ஆட்டிசம் உள்ள ஒருவர், சிகிச்சையாளரைத் தேடுவதற்கு முன்பே சிகிச்சையின் இலக்கைத் தாமே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பதற்றம், உறக்கமின்மை, வேலையிடத்தில் சேரும் களைப்பு ஆகியவற்றைக் குறைப்பது தகுந்த இலக்கு. கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுவதும் கை அசைவுகளை அடக்குவதும் சுற்றியிருப்பவர்களின் சங்கடத்தைத் தீர்க்கலாமே தவிர, அவருடைய துன்பத்தைத் தீர்ப்பதில்லை. தம் இயல்பை ஆண்டுக்கணக்கில் மறைத்து நடமாடுவதற்கும் தற்கொலை எண்ணங்களுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே அந்த மறைப்பையே மேலும் பயிற்றுவிக்கும் சிகிச்சையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தொலைபேசியில் பேசுவது கடினமாக இருந்தால், கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆட்டிசம் பற்றி அனுபவம் உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் ‘உண்டு’ என்ற பதில்தான் வரும். அதிலிருந்து அதிகம் தெரியாது. ‘நான் உங்களைப் பார்க்காமல், கையில் எதையாவது உருட்டிக்கொண்டே பேசினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு வசதியான விதத்தில் இருங்கள் என்பவரிடம் செல்லலாம். அதைப் படிப்படியாக மாற்றலாம் என்பவரைத் தவிர்க்கலாம். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே நேரும் புரிதல் சிக்கல் இருதரப்பையும் சார்ந்தது என்று பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் முன்வைத்த கருத்தை அந்தச் சிகிச்சையாளர் ஏற்கிறாரா என்பதையும் கேளுங்கள். ஏற்பவர், உரையாடல் தடைபடும்போது தம் பேச்சையும் திருத்திக்கொள்வார்.

அமர்வுகளின் அமைப்பில் மாற்றம் கேட்பது சலுகை கேட்பதாகாது. எழுத்தையும் படங்களையும் கூடுதலாகப் பயன்படுத்துவது, உருவகங்களைக் குறைத்து நேரடியாகப் பேசுவது, இடைவேளை விடுவது, சிகிச்சை பெறுபவருக்கு மிகவும் பிடித்த துறையை உரையாடலில் சேர்த்துக்கொள்வது போன்ற மாற்றங்களைப் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. விளக்கொளி, மின்விசிறிச் சத்தம், அறையின் வாசனை ஆகியவற்றில் எது தொந்தரவு தருகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

‘இப்போது எப்படி உணர்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டால், ஒத்துழைக்க மறுப்பதாகப் பல சிகிச்சையாளர்கள் தவறாக எண்ணிவிடுகிறார்கள். தம் உணர்ச்சியை இனங்கண்டு சொல்வது கடினமாக இருக்கும் அலெக்ஸிதைமியா என்னும் நிலை, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் காணப்படுகிறது. அவர்கள் நெஞ்சு இறுக்கம், தாடை வலி, பசியின்மை என்று உடலில் தெரிவதிலிருந்து தொடங்கலாம், அல்லது வீட்டுக்குச் சென்று யோசித்துப் பதிலை எழுதி அனுப்பலாம். அதற்கு அவகாசம் தரும்படி வெளிப்படையாகக் கேளுங்கள்.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் தேவை. எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சை முறை பதற்றத்துக்குப் பயன்படக்கூடியதுதான். ஆனால் இரைச்சல் உண்மையாகவே வலி தரும்போது அதைத் ‘தவறான எண்ணம்’ என்று கருதி, அந்த இரைச்சலிலேயே இருந்து பழகச் சொல்வது பொருந்தாது. அங்கே காதடைப்பானும் அமைதியான அறையுமே முதல் உதவி. அதேபோல, நெடுநாள் சுமையால் ஆற்றல் வற்றி, முன்பு செய்ய முடிந்த சமையலோ பேச்சோ கூட இயலாமல் போகும் ஆட்டிசப் பெருங்களைப்பு, வெளித்தோற்றத்தில் மனச்சோர்வைப் போலவே இருக்கும். மனச்சோர்வுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ‘வெளியே செல்லுங்கள், நாலு பேரைப் பாருங்கள்’ என்ற அறிவுரை இந்தக் களைப்பைக் கூட்டிவிடலாம். பொறுப்புகளைக் குறைப்பதும் தனிமையில் ஓய்வெடுப்பதும் முதலில் வர வேண்டும். பெருங்களைப்பும் மனச்சோர்வும் ஒருசேர இருக்கவும் கூடும் என்பதால், எந்த வேலை எந்த மாதத்திலிருந்து இயலாமல் போனது என்று குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். உயிரை விடும் எண்ணம் எழுந்தால், அடுத்த அமர்வு வரை காத்திராமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

சில அமர்வுகளுக்குப் பிறகு, எழுதி வைத்த இலக்கை எடுத்துப் பாருங்கள். பேசும் பொருள் கடினமாக இருந்ததால் வரும் சோர்வு இயல்பானது. ஆனால் சிகிச்சையாளரின் முன்னிலையிலும் நடித்து நடித்தே களைத்துத் திரும்புகிறீர்கள் என்றால், அதை அவரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அதன் பிறகும் மாற்றம் இல்லையெனில், ‘அடுத்த அமர்வுக்கு வரவில்லை’ என்ற ஒரு வரி மின்னஞ்சல் போதும். காரணம் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.